ஞாயிற்றுக்கிழமைத் தம்பி

டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பேட்டைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் போனில் சிக்னல் நிற்காது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் இருக்கிறது. அங்கே மட்டும் கொஞ்சம் கிடைக்கும். இதுவரை உங்களுக்கு அனுப்பிய பாடங்கள் எல்லாவற்றையும் அங்கே குடை பிடித்து நின்றுதான் அனுப்பியிருக்கிறேன். இதையும் அப்படித்தான் அனுப்பப் போகிறேன். தகரத்தில் மழை விழுகிற சத்தம் நடுவே கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அகிலா மேடம்.

கடைசிப் பாடமாக என் சொந்த அனுபவத்தைப் பேசிக் கொடுக்கச் சொன்னீர்கள். மறதி நோய்க்காரர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் போனில் அதைக் கேட்டு மனம் தேற வேண்டும் என்றீர்கள். தேறுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. எதையும் எழுதிவைத்துத்தான் படிப்பேன். இதையும் எழுதி, திருத்தி, ஆற அமரப் படிக்கிறேன். அதனால் ஏதோ மனசு சரியில்லாமல் உளறுகிறான் என்று நினைத்துவிட வேண்டாம்.

போர்ட் பிளேரில் எனக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே குழாயில் தினமும் தண்ணீர் வராது. தெருவுக்குத் தெரு முறை உண்டு. வால்வைத் திருகுகிற சாவி என் கையில் இருக்கும். ஷாதிபூரில் ஒரு பெரிய மனிதர் தன் மகள் கல்யாணத்துக்காக முறையை மாற்றித் தண்ணீர் விடச் சொன்னார். முடியாது என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒருவருக்கு ஒரு குடம் கூட விட்டால் இன்னொருவருக்கு ஒரு குடம் குறையும். ஊரில் எனக்கு நியாயம் தெரிந்தவன் என்று பெயர். அந்தப் பெயரை நான் தேடிப் போகவில்லை, தானாக வந்தது.

என் அக்கா விசாலாட்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா சாத்தம் மர மில்லில் வேலை பார்க்க ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நான் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பாவும், அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் அம்மாவும் போய்விட்டார்கள். அக்கா அபர்தீன் பஜாரில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டிக்கெட் எழுதிக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் சாப்பிட்டேன், படித்தேன். பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் ஒரு நிலைக்கு வந்தபோது பெண் கேட்க யாரும் வரவில்லை. எனக்குக் கல்யாணமான பிறகும் அக்கா எங்களோடுதான் இருந்தாள்.

மகள் ப்ரியங்காவைச் சென்னையில் காலேஜில் சேர்த்தோம். துணைக்கு என் மனைவி கார்த்திகாவும் அங்கேயே வீடெடுத்துத் தங்கினாள். தீவில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். இங்கே நானும் அக்காவும் மட்டும். அப்போதுதான் அக்காவுக்கு மறதி ஆரம்பித்தது.

ஆரம்பத்தில் அது பார்க்க அழகாகக்கூட இருந்தது. காலையில் குளித்து, பொட்டு வைத்து, தெருப்பக்க ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். தெருவில் போகிறவர்களை நிறுத்தி டிக்கெட் கொடுப்பாள். "கிதர் ஜானா ஹை? நாம் போலோ. சத்தமா போலோ, இஞ்சின் சத்தத்துல காதே கேக்கல" என்று, எங்கே போகணும், பேர் என்ன என்பதை இந்தியும் தமிழும் கலந்து கேட்பாள். தினசரி காலண்டரில் தாளைக் கிழித்து எதையோ எழுதி கம்பி வழியே நீட்டுவாள். பக்கத்து வீட்டு மண்டல் பாபு வேலைக்குப் போகும்போது தினமும் நின்று வடக்கே ரங்கத் ஊருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு போவார். தங்கமான மனிதர். அவர் போன பிறகு அக்கா என்னிடம், "பாவம்டா நந்து, இந்த மனுஷன் தெனம் ரங்கத் போறாரு, ஒரு நாளும் திரும்பி வரக் காணோம்" என்பாள். நானும் சிரிப்பேன்.

பிறகு சிரிக்க முடியவில்லை. சோற்றைத் தலையணை உறைக்குள் திணித்துவைப்பாள். மலத்தைச் சுவரில் தேய்ப்பாள். குளிப்பாட்டப் போனால், யாரோ ஆண்பிள்ளை என்று நினைத்து என் முகத்தில் பிராண்டுவாள். ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். வாரம் முடியும் முன் அவள் நின்றுவிட்டாள். வால்வு திறக்கப் போக வேண்டுமே. அதனால் வேட்டியைக் கிழித்து அக்காவைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போவேன். இறுக்கமாக அல்ல. ரத்தம் ஓட இடம் விட்டுத்தான் கட்டுவேன். திரும்பி வரும்போது அவள் கட்டிலோடு சேர்ந்து வாசல் வரை நகர்ந்து வந்திருப்பாள். எனக்கு அழுகை வரும். அழுதுகொண்டே அவிழ்ப்பேன். மறுநாளும் கட்டுவேன்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உங்கள் போன் பாடத்தைப் பற்றிச் சொல்லி என் நம்பரைச் சேர்த்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் அழைப்பு வரும். நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று மட்டும் சொல்லாமல், பார்த்துக்கொள்கிறவன் எப்படி உயிரோடு இருப்பது என்றும் சொன்ன முதல் குரல் அதுதான். கோபம் வருவது பாவம் இல்லை. உதவி கேட்பது வெட்கம் இல்லை. மூச்சை இழுத்து, மெதுவாக விடுங்கள். இவற்றையெல்லாம் அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை. வால்வுக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து கேட்பேன். முதல் தடவை கேட்டபோது போனைக் காதில் வைத்தபடியே தேம்பித் தேம்பி அழுதேன். உங்கள் பாடம் நல்ல பாடம் மேடம். நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

பாடம் இந்தியில் வந்தது. இங்குள்ள தமிழ்க்காரப் பெண்களில் பலருக்குக் கடைத்தெரு இந்திதான் தெரியும், மனசு சம்பந்தப்பட்ட இந்தி தெரியாது என்று உங்களிடம் சொன்னேன். நீங்களே தமிழில் பேசிக் கொடுங்கள் என்றீர்கள். அப்படித்தான் நான் பாடத்தின் குரலானேன். ராமேஸ்வரத்துக்காரர்கள், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், இங்கேயே மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். மரைன் ஹில்லில் ஓர் அம்மாள் கடையில் என் குரலைக் கேட்டதும் திரும்பிப் பார்த்து, "நீங்கதானாண்ணே அது? உங்க பேச்சக் கேட்டுத்தான் எங்க வீட்டுக்காரரக் கைநீட்டி அடிக்காம இருக்கேன்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கட்டை அவிழ்த்தேன்.

பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி வரும். இந்த வாரம் மனசு எப்படி இருந்தது, ரொம்ப மோசம் என்றால் ஒன்றை அழுத்துங்கள், நன்றாக இருந்தால் ஐந்தை அழுத்துங்கள். நான் எப்போதும் ஒன்றைத்தான் அழுத்துவேன். பொய் அழுத்த மனம் வராது.

கார்த்திகாவிடம் அக்காவைச் சென்னைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். ஒரே அறை வீடு, பரீட்சைக்குப் படிக்கிற பெண், எப்படி முடியும் என்றாள். நியாயமான பதில். அவளை நான் குறை சொல்லவில்லை.

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு மேடம். மெயின்லேண்டுக்குக் கப்பலில் யார் போனாலும், அவர்களோடு எதையாவது கொடுத்து அனுப்புவோம். கருவாடு போகும், தேங்காய் போகும், ஸ்கேன் படம் போகும், காலேஜுக்குப் போகிற பெண் போவாள், ஆபரேஷனுக்குப் போகிற வயசானவர் போவார். "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்ற ஒரு வார்த்தை போதும். மூன்று நாள் கடலில் யாரும் அந்நியர் இல்லை. அந்தக் கரையில் யார் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இங்கே வியாதி முற்றினால் டாக்டர்கள் மெயின்லேண்டுக்கு ரெஃபர் செய்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மெயின்லேண்ட் என்பது எங்கள் மனசில் ஒரே ஊர். அங்கே எல்லாம் இருக்கும், எதற்கும் யாராவது இருப்பார்கள். அக்காவை நானே ரெஃபர் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் டைல்ஸ் ஒட்டுகிற கான்ட்ராக்டர் தங்கையா குடியிருக்கிறார். கோவில்பட்டிக்காரர். அவரும் அவர் மனைவியும் ஊருக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவைச் சென்னை வரை பார்த்துக்கொள்ள முடியுமா, கார்த்திகா துறைமுகத்து வாசலுக்கு வந்து கூட்டிக்கொள்வாள் என்றேன். "இதுக்குப் போயி வீடு தேடி வரணுமாண்ணே? எங்க அக்கா மாதிரி பாத்துக்கிடுதோம்" என்றார். அவர் மனைவி கப்பலில் அக்காவுக்குத் தலை பின்னிவிடலாம் என்று அப்போதே ஒரு சீப்பை எடுத்துப் பையில் வைத்தாள். நல்ல ஜனங்கள்.

கார்த்திகாவுக்கு நான் சொல்லவில்லை.

மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. ஒவ்வொரு நாளும் போனை எடுத்தேன், ஒவ்வொரு நாளும் வேறு ஏதாவது பேசிவிட்டு வைத்தேன். கப்பல் கிளம்புகிற அன்று காலையிலும் ப்ரியங்காவின் ஹால் டிக்கெட்டைப் பற்றித்தான் பேசினோம்.

அன்று அக்காவுக்கு நானே புடவை கட்டிவிட்டேன். அவளுடைய ரவிக்கைகள் எல்லாவற்றிலும் உட்புறத்தில் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய துணிப்பட்டை தைத்திருக்கும். நோயாளி வழி தவறினால் உதவும் என்று பாடத்தில் நான்தான் சொல்லியிருக்கிறேன், சொன்னபடி வீட்டிலும் செய்துவைத்திருந்தேன். அந்தத் தையல்களைப் பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அது முதுகில் உரசி அரிக்கிறது என்று அக்கா ஒரு தடவை சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. மூன்று நாள் பயணம், அரிப்போடு எதற்குப் போக வேண்டும் என்று அப்போது நினைத்தேன். டிக்கெட்டையும் அடையாளக் கார்டையும் அக்கா தொலைத்துவிடுவாள் என்று தங்கையாவிடமே கொடுத்தேன்.

துறைமுகத்தில் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "லைன் மே ஆவோ, லைன் மே. தள்ளாதீங்க, எல்லாருக்கும் டிக்கெட் இருக்கு" என்று அதட்டினாள். ஒரு போலீஸ்காரர்கூடச் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். ஏணிப்படி ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். யாரோ பயணியை வழியனுப்புகிறவன் என்று நினைத்தாளோ என்னவோ, கையை மட்டும் ஆட்டினாள்.

கப்பல் சென்னை சேர்ந்த அன்று நான் மரைன் ஹில்லில் வேலையாக இருந்தேன். தங்கையாவின் போன் வந்தது.

"அண்ணே, வாசல்ல நிக்கோம். அண்ணியக் காணோமே. நம்பரு குடுங்க, நான் பேசுதேன்."

"வந்துக்கிட்டே இருக்கா தங்கையா. டிராபிக். நம்பர் வேண்டாம், நான் இப்பத்தான் பேசினேன்."

"எங்களுக்கு ரயிலு இருக்குண்ணே. இருந்தாலும் பரவால்ல, அண்ணி வாரது வரைக்கும் நிக்கோம்."

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கவனமாகக் கேட்க வேண்டும். அவர் நிற்கிறேன் என்றார். நான் ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருப்பார். கார்த்திகாவை அப்போது கூப்பிட்டிருந்தாலும் திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்து வந்திருப்பாள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. எல்லாம் முடிந்த பிறகு தோன்றிய யோசனைகள் இல்லை இவை.

"அஞ்சு நிமிஷத்துல வந்துருவா. நீங்க கெளம்புங்க. பக்கத்துல டீக்கடை இருக்கா? அங்க பெஞ்சுல உக்கார வச்சிட்டுப் போங்க" என்றேன்.

அவருக்கு மனசில்லை. ரயில் நேரத்தை நான்தான் ஞாபகப்படுத்தினேன். கடைசியில் "ஒரு வார்த்தை பேசிருங்கண்ணே, கண்ணக் கண்ண முழிக்காங்க" என்று போனை அக்காவிடம் கொடுத்தார்.

"நந்து," என்றாள் அக்கா. அதற்கு முன் ரொம்ப நாளாக அவள் என் பெயரைச் சொன்னதில்லை. "எல்லாருக்கும் டிக்கெட் குடுத்து முடிச்சிட்டேன்டா. கவுன்டர் மூடியாச்சு. வீட்டுக்கு வரவா?"

நோயாளி சொல்வதை மறுக்காதீர்கள், அவர்கள் இருக்கிற உலகத்துக்குள் நீங்களும் போய் நின்று பேசுங்கள் என்று பாடத்தில் சொல்லியிருக்கிறோம்.

"வாக்கா" என்றேன்.

பிறகு வால்வைத் திறந்தேன். அன்றைய முறை சரியாக நடந்தது.

ஊரில் கேட்டவர்களிடம் அக்கா சென்னையில் கார்த்திகாவோடு இருக்கிறாள் என்றேன். உங்களிடமும் அதைத்தான் சொன்னேன். கார்த்திகாவிடம், ரங்கத் பக்கம் ஒரு மடத்தில் சேர்த்துவிட்டேன், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். "நல்லதுங்க, உங்க உடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். அந்த மடத்தின் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. நடுவே அவ்வளவு கடல் இருக்கிறது. தங்கையா ஊரிலிருந்து திரும்பியதும் வீட்டுக்கு வந்தார். "அண்ணி வந்துட்டாங்கல்லா? நான் ரயிலு ஏறுனதுலேர்ந்து எனக்கு மனசே கேக்கல" என்றார். வந்துவிட்டாள் என்றேன். அக்காவின் கார்டு அவரிடமே தங்கிவிட்டதாம். அதைக் கொடுத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். போகும்போது அவருக்கு முகம் தெளிந்திருந்தது.

அக்கா போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். எழுந்தபோது வெளியே வெயில் இறங்கியிருந்தது. வீடு சுத்தமாக, வாடையில்லாமல் இருந்தது. அந்த நிம்மதியை நான் மறைக்கப் போவதில்லை. அந்த வாரம் போனில் கேள்வி வந்தபோது நான்கை அழுத்தினேன். உண்மையைத்தான் அழுத்தினேன். சில வாரம் கழித்து ஐந்து. நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்கு வந்திருக்கீங்க, வேற யாருக்குமே இவ்வளவு முன்னேற்றம் இல்ல" என்று பாராட்டினீர்கள். உங்கள் கூட்டத்தில் என் எண்களைத் திரையில் போட்டுக் காட்டப் போவதாகவும் சொன்னீர்கள். அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. அது தப்புதான்.

தமிழ்ப் பாடங்களைப் பிறகு சென்னையிலும் கொடுக்க ஆரம்பித்தீர்கள். ஒரு காப்பகத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சியாக அவற்றைப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காப்பகத்திலிருந்து ஒரு நாள் அலமு என்ற பெண் உங்களிடம் என் நம்பரை வாங்கி என்னை வீடியோவில் கூப்பிட்டார்.

"சார், பாடத்துல பேசுறவர் நீங்கதானே? ஒரு தமாஷ் சொல்லணும். எங்ககிட்ட ஒரு அம்மா இருக்காங்க. ஹார்பர் பக்கம் ரோட்டுல சுத்திட்டிருந்தாங்கன்னு போலீஸ் கொண்டாந்து விட்டாங்க. பேர் ஊர் எதுவும் சொல்லத் தெரியல. யாரப் பாத்தாலும் டிக்கெட் குடுப்பாங்க, நாங்க டிக்கெட்டம்மான்னுதான் கூப்பிடுவோம். இன்னிக்கு உங்க பாடத்தப் போட்டதும் ஓடி வந்து போனக் கையில வாங்கிக்கிட்டாங்க. 'இது என் தம்பி'ங்கிறாங்க. விடவே மாட்டேங்கிறாங்க. நடுவுல இந்தியும் பேசுறாங்க. நீங்க போர்ட் பிளேர்தானே, ஒருவேளை தெரிஞ்சவங்களான்னு ஒரு தடவ பாக்குறீங்களா?"

வீடியோவைத் திருப்பிக் காட்டினார். அக்காவின் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இளைத்துப்போயிருந்தாள். திரையில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "நந்து, சாப்டியாடா?" என்றாள்.

நான் அழவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அலமுவிடம் நிதானமாகப் பேசினேன். இந்த அம்மாளை நான் பார்த்ததில்லை என்றேன். இந்த நோயில் இது சகஜம், ஏதோ ஓர் ஆண்குரலைக் கேட்டால் தம்பி என்பார்கள், அப்பா என்பார்கள், நந்து என்பது அவருடைய தம்பியின் பெயராக இருக்கலாம் என்று விளக்கினேன். அது அக்கா மட்டும் என்னைக் கூப்பிடுகிற பெயர், அலமுவுக்குத் தெரிய வழியில்லை. இங்கே ஊரில் விசாரித்துப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். கடைசியாக, பாடத்தில் சொல்வதுபோல, அந்த அம்மாளை மறுத்துப் பேசாதீர்கள் என்றேன்.

"அப்ப நீங்களும் மறுக்காதீங்க சார்," என்றார் அலமு. "வாரத்துல ஒரு நாள் தம்பி மாதிரி ரெண்டு வார்த்தை பேசுனீங்கன்னா அந்த அம்மா ஒழுங்கா சாப்பிடுவாங்க."

அப்படித்தான் அது தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டேன். அக்கா கேட்பாள், நான் பதில் சொல்வேன். பள்ளிக்கூடத்துக்குப் போனாயா என்பாள், போனேன் என்பேன். பக்கத்து வீட்டு நாய் கடிக்க வந்ததா என்பாள், கல்லெடுத்து விரட்டிவிட்டேன் என்பேன். "எப்படி சார் இவ்வளவு கரெக்டா பதில் சொல்றீங்க? நெஜத் தம்பி தோத்தான் போங்க" என்று அலமு கண்ணைத் துடைத்துக்கொள்வார். காப்பகத்தில் எனக்கு சண்டே தம்பி என்று பெயர் வைத்தார்கள். என் தம்பிக்கு இடது கையில் கொதிக்கிற கஞ்சி கொட்டின தழும்பு இருக்கும் என்று அக்கா ஒரு நாள் சொன்னாளாம். அலமு சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் அக்கா ஒன்று கேட்பாள். "என்னைய எப்படா கூட்டிட்டுப் போவ?"

"அடுத்த கப்பல்ல வர்றேன்கா."

"பங்க் கிளாஸ்லயே போட்ரு. கேபின் எல்லாம் எதுக்கு, வீண் செலவு" என்பாள். சமாதானமாகிவிடுவாள். அடுத்த வாரத்துக்குள் மறந்துவிடுவாள். அந்த நோயில் அது ஒரு வசதி.

மேடம், போனை வைத்த பிறகு நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்தேன். அக்காவுக்கு நேரத்துக்குச் சோறு, சுத்தமான படுக்கை, பெண்கள் கையால் குளியல். கட்டிப்போட ஆளில்லை. என்னிடம் இருந்ததைவிட நன்றாக இருக்கிறாள் என்று நினைத்தேன். வாரத்துக்கு ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னை அடையாளம் தெரிந்து பேசினாள். கூடவே இருந்தபோது எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. நான்தான் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அலமு அவளை அடுத்த கப்பலில் ஏற்றி எனக்கே அனுப்பியிருப்பார். அவளைக் கட்டிய வேட்டித் துணிகளை நான் அப்போதும் தூக்கிப் போடவில்லை. பெட்டியில் மடித்து வைத்திருந்தேன். நான்தான் தம்பி என்பதைச் சொல்லாமல் விட்டதால் அவளுக்கு நல்லதுதான் நடந்தது என்று என்னால் இப்போதும் வாதாட முடியும்.

போன மாதம் அக்காவுக்குச் சளிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கவில்லை. அலமு அழுதுகொண்டே கூப்பிட்டார். போலீஸ் நடைமுறையெல்லாம் முடிந்துவிட்டது, காப்பகமே தகனம் செய்யப் போகிறது, அந்த அம்மா கடைசி வரை கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார் என்றார். பிறகு கேட்டார்.

"சார், ரிஜிஸ்டர்ல பேர் தெரியாத பெண்ணுன்னு போட மனசே வரல. டிக்கெட்டம்மான்னும் போட முடியாது. நீங்கதானே அவங்களுக்குத் தம்பி மாதிரி இருந்தீங்க. உங்க வாயால ஒரு பேர் சொல்லுங்க, அதையே எழுதிக்கிறோம்."

விசாலாட்சி என்று சொல்லியிருக்கலாம். ஏதோ மனசில் தோன்றிய பெயர் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்திருக்காது. அவளுடைய பெயரோடு அவளை அனுப்பியிருக்கலாம். எனக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசித்துவிட்டு, பங்கஜம் என்றேன். அது எங்கள் அம்மாவின் பெயர்.

தகனத்தை வீடியோவில் காட்டினார்கள். மழை நாள், சிக்னல் விட்டுவிட்டு வந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று பார்த்தேன். யாரோ ஒரு காப்பகத்துப் பையன் கொள்ளி வைத்தான்.

இதையெல்லாம் உங்களிடம் இப்போது ஏன் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாது, இனித் தெரியவும் வழியில்லை. அலமு சொன்ன சண்டே தம்பி கதையை வைத்து, என் பாடத்துக்கு முன்னால் வாசிக்க நீங்கள் எழுதி அனுப்பிய அறிமுகத்தைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு வரி மட்டும் தவறு. தவறென்று தெரிந்தும் விட்டுவிட என்னால் முடியாது, என் சுபாவம் அப்படி.

அவள் பெயர் விசாலாட்சி. அவள் என் சொந்த அக்கா. நான்தான் அவளைக் கப்பலேற்றி, வாங்கிக்கொள்ள ஆளில்லாத கரையில் இறக்கிவிட்டேன். திரும்பக் கிடைத்தபோதும் தெரியாது என்று சொன்னேன். இதை நீங்கள் போலீசிடம் கொடுக்கலாம், கார்த்திகாவிடம் கொடுக்கலாம், தங்கையாவிடம்கூடப் போட்டுக் காட்டலாம். நான் வீட்டில்தான் இருப்பேன். வேலைக்குப் போகிற நேரம் தவிர.

அந்த அறிமுகத்தில் "யாருமே இல்லாத ஓர் அம்மாளுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் எடுத்துவிடுங்கள் மேடம். அவளுக்கு யாரும் இல்லாமல் இல்லை. கடைசி வரை நான் இருந்தேன்.